சும்மா பார்க்கத்தான் வந்தோம்

"எண்ணூருக்கா? பறவை பார்க்கவா?"

கேட்கிறவர் பெரும்பாலும் அடையாறிலோ அண்ணா நகரிலோ இருப்பார். அவரைப் பொறுத்தவரை எண்ணூர் என்றால் கன்டெய்னர் லாரி, அனல்மின் நிலையம், மூக்கைப் பொத்திக்கொள்ள வைக்கும் ஏதோ ஒரு வாயு. பறவை என்றால் வேடந்தாங்கல். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொன்னால் கொஞ்சம் சந்தேகமாகப் பார்ப்பார். ரிட்டயர் ஆனவனுக்குப் பொழுது போகவில்லை போலிருக்கிறது என்று மனசுக்குள் நினைத்துக்கொள்வார்.

ஆனால் போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். டிசம்பர், ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நீங்களும் கிளம்பிப் பாருங்கள். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எர்ணாவூர். வலது பக்கம் கடலும் கல் கொட்டிய கரையும், இடது பக்கம் கம்பெனிகளின் சுற்றுச்சுவரும், நடுவில் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் லாரிகளுமாகச் சாலை போகும். அதெல்லாம் முடிகிற இடத்தில் கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கிறது. உப்பும் நல்ல தண்ணீரும் கலக்கிற கழிமுகம். அங்கே படகுத்துறை ஓரமாக, தோளில் பீரங்கி மாதிரி லென்ஸ் மாட்டிய நாலைந்து பேர் நின்றால் அவர்கள்தான் நம் ஆட்கள். கூழைக்கடா, ஆலா, கடற்காகம், உள்ளான், நீர்க்காகம், கொக்கு என்று கையில் பட்டியல் வைத்திருப்பார்கள். இன்னும் வடக்கே போய்ப் பழவேற்காட்டைத் தொட்டால் பூநாரைகள். ஆயிரக்கணக்கில், தண்ணீரில் ரோஸ் கலர் கோடு இழுத்தது போல.

இந்தக் கொசு உள்ளான் என்கிற பறவை இருக்கிறதே, அதன் எடை 30 கிராம்கூடத் தேறாது. நம் சட்டைப் பையில் இருக்கும் பேனா, சாவியைவிடக் கொஞ்சம் கூட இருக்கலாம். ஆர்க்டிக் பக்கம், சைபீரியாவின் வடகோடியில் முட்டை பொரித்துவிட்டு, குளிருக்குத் தப்பி நம் கரைக்கு வருகிறது. வந்து சேற்றைக் கிளறுகிறது. சேற்றில் புழு இருக்கிறது. அவ்வளவு தூரம் பறந்து வந்ததற்கு அந்தப் புழுதான் காரணம். நம் ஊர் பறவை ரசிகர்கள் இந்தச் சேற்றைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. காலில் ஒட்டும் என்பதோடு சரி.

எண்ணூருக்கு இன்பச் சுற்றுலா என்பது நாம் கண்டுபிடித்ததும் இல்லை. கம்பெனி காலத்து வெள்ளைக்காரர்களுக்கு எண்ணூர் ஓய்வெடுக்கும் இடம். படகு விடுவார்கள், மீன் பிடிப்பார்கள். 1806-இல் பாசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூருக்குக் கால்வாய் வெட்டினார். பிற்பாடு 1877-78 பஞ்சத்தில் கூலிக்கு வந்த ஜனங்களை வைத்து நீட்டி இணைக்கப்பட்டு, பக்கிங்ஹாம் கால்வாய் என்று கவர்னர் பெயரில் நிலைத்தது அந்தக் கால்வாய்தான். உப்பும் விறகும் போன தண்ணீர். அதில் இன்றைக்கு என்ன போகிறது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

ஒரு படம் பற்றிச் சொல்ல வேண்டும். நண்பர் ஒருவர், சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை, வாட்ஸ்அப்பில் ஒரு கூழைக்கடா படம் அனுப்பியிருந்தார். இறக்கையை விரித்து, தண்ணீரைக் காலால் உரசிக்கொண்டு இறங்குகிற கணம். பிரமாதமான படம். எந்த ஊர் ஏரியோ என்று நினைத்துவிட்டேன். எண்ணூர் என்றார். எண்ணூரில் எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் புகைபோக்கி விழுமே, எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டேன். "விழுந்துச்சு சார், க்ராப் பண்ணிட்டேன்" என்றார். முழுப் படத்தையும் அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். பறவை சின்னதாகிவிட்டது. பின்னால் மூன்று புகைபோக்கிகள். ஓரத்தில் ஒரு படகு, அதில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஓர் ஆள். அவருடைய பாதி முதுகு.

நண்பர் செய்ததில் தப்பே இல்லை. எல்லாப் படமும் ஒரு கத்தரிப்புதான். கல்யாண ஆல்பத்தில் சமையல்கட்டு வருவதில்லை. ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கேமராவின் பேட்டரி எங்கே சார்ஜ் ஆனது? அவர் வீட்டில். அவர் வீட்டுக் கரண்ட்? வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்கள் மட்டும் 1,830 மெகாவாட். பக்கத்திலேயே வல்லூரில் 1,500. 2024 மார்ச்சில் 800 மெகாவாட்டில் மூன்றாம் கட்டத்தையும் தொடங்கினார்கள். வெட்டி எறிந்த அந்தப் புகைபோக்கி இல்லாவிட்டால் படமே எடுத்திருக்க முடியாது என்று சொல்ல மாட்டேன், அது வக்கீல் வாதம். ஆனால் நண்பர் ஃப்ரேமுக்கு வெளியே நின்று படம் எடுத்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார். அவருடைய ஏ.சி.யும் ஃப்ரிட்ஜும் ஃப்ரேமுக்கு உள்ளேதான் இருக்கின்றன. என்னுடையதும்தான்.

அந்தக் காலத்து வீடுகளில் பின்கட்டு என்று ஒன்று இருக்கும். கழிப்பறை, சாணி, சாக்கடை எல்லாம் அங்கே. வருகிற விருந்தாளியைப் பின்கட்டுக்கு அழைத்துப் போக மாட்டார்கள். சென்னை தன்னுடைய பின்கட்டை வடக்கே வைத்திருக்கிறது. நிலக்கரி எரிப்பது, எண்ணெய் சுத்திகரிப்பது, உரம் செய்வது எல்லாம் மணலிக்கும் எண்ணூருக்கும். அதன் விளைச்சலை அனுபவிப்பது ஊர் பூராவும். இப்போது வேடிக்கை என்னவென்றால், அந்தப் பின்கட்டிலேயே ஒரு மூலையில் ரோஜாச் செடி பூத்திருக்கிறது என்று கேள்விப்பட்டு நாம் கேமராவோடு போகிறோம்.

தமிழில் இந்தப் 'பார்' என்கிற சொல் பொல்லாதது. டாக்டர் வைத்தியம் பார்க்கிறார். அப்பா ஆபீஸில் வேலை பார்க்கிறார். ஜோசியர் நேரம் பார்க்கிறார். இவர்கள் யாரும் வெறும் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை. 'வேடிக்கை பார்க்கிறான்' என்கிறபோதுதான் கண் மட்டும் வேலை செய்கிறது, கை கட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பாட்டியிடம், "குழந்தையைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போகிறோம். பாட்டி கண் கொட்டாமல் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை. கீரை ஆய்வார், டி.வி. பார்ப்பார். ஆனால் குழந்தை அடுப்புப் பக்கம் தவழ்ந்தால் கீரையைப் போட்டுவிட்டு எழுந்து ஓடுவார். ஒரு 'கொள்' சேர்ந்ததும் அந்தச் சொல்லுக்குக் கை கால் எல்லாம் முளைத்துவிடுகிறது.

அப்புறம் பெண் பார்ப்பது. நாம் இயற்கையைப் பார்க்கப் போவது பெரும்பாலும் அந்த வகை. கும்பலாகப் போவது, உட்காருவது, பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிடுவது, நிறம் உயரம் எல்லாம் கவனிப்பது, போட்டோ வாங்கிக்கொள்வது, "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்று கிளம்பிவிடுவது.

அந்தக் கழிமுகத்தில் ஒரு தடவை படகில் போனபோது படகோட்டியிடம் பெருமையாகச் சொன்னேன், இன்றைக்கு இருநூறுக்கு மேல் எண்ணினோம் என்று. அவர் துடுப்பை நிறுத்தாமல், "நாங்க எண்ண மாட்டோம் சார். எங்க நிக்குதுன்னுதான் பாப்போம்" என்றார். ஏன் என்று கேட்டேன். "அதுங்க கும்பலா எங்க நிக்குதோ அங்க எறா கீதுன்னு அர்த்தம். அதுக்கும் அதே பொழப்புதானே."

எனக்கு ஒரு பதிலும் தோன்றவில்லை. நான் இருபது வருஷமாகப் பறவைகளைப் பெயர், நிறம், மூக்கு நீளம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் அதே பறவையைப் பேப்பர் படிப்பது மாதிரி படிக்கிறார். தண்ணீருக்கு அடியில் என்ன நடக்கிறது என்று அதன் மூலம் தெரிந்துகொள்கிறார். எது உயர்ந்த பார்வை என்கிற பட்டிமன்றம் வேண்டாம். ஆனால் பறவை ஒரு நாள் வராமல் போனால் எனக்குப் பட்டியலில் ஒரு வரி குறையும். அவருக்கு அடுப்பில் சோறு குறையும்.

பழவேற்காட்டிலும் எண்ணூர்க் கழியிலும் மீனவர்களிடம் 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. நல்ல மீன்பிடி இடம் யாருக்கும் நிரந்தரச் சொந்தம் கிடையாது. இந்த இடத்தில் இன்றைக்கு இவர் வலை கட்டலாம், நாளைக்கு அவர் என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். முறை வராதவன் காத்திருப்பான். எழுதப்படிக்கத் தெரியாதவர்கள் என்று நாம் நினைக்கிற மனிதர்கள் பல தலைமுறைகளாக நடத்திவரும் பொதுச்சொத்து நிர்வாகம். பாடு என்றால் இடம், பாடு என்றால் முறை, படுகிற பாடும் அதுதான். இதற்குள்ளும் சேராதவர்கள் உண்டு. வலையும் படகும் இல்லாத இருளர்கள். கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவித் தடவி இறாலைப் பிடித்து, பல்லில் கவ்விய பறியில் போடுகிறார்கள். அதில் நிறையப் பேர் பெண்கள். கொசு உள்ளான் அலகால் செய்வதை இவர்கள் விரலால் செய்கிறார்கள். ஒரே சேறு. சைபீரியாவிலிருந்து வந்தவருக்கு லென்ஸ் திரும்புகிறது.

2023 டிசம்பரில் இந்தச் சேற்றுக்கு என்ன நடந்தது என்று நினைவிருக்கும். மிக்ஜாம் புயல், வரலாறு காணாத மழை. வெள்ளத்தோடு பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணெய் வந்து எண்ணூர்க் கழியில் பரவியது. மணலியில் இருக்கும் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் வளாகத்திலிருந்துதான் வெளியேறியிருக்கிறது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. படகு, வலை, வீட்டுச் சுவர், மரத்தின் வேர் எல்லாவற்றிலும் கறுப்பு.

பத்திரிகைகளில் வந்த படங்களில் ஊரை உலுக்கியது கூழைக்கடா படம்தான். வெள்ளை உடம்பெல்லாம் தார் பூசினது போல ஒரு பறவை. வனத்துறை ஆட்கள் பிடித்துக் குளிப்பாட்ட முயன்றார்கள். அவை பறக்க முடிகிற நிலையில் இருந்ததால் பல கைக்குச் சிக்கவில்லை. பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள். நானும் கலங்கினேன். அதே நாட்களில் மீனவர்கள் வாளியும் மக்குமாக, சரியான கையுறைகூட இல்லாமல், அந்த எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தார்கள். 2017 ஜனவரி 28-இல் இரண்டு கப்பல்கள் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே மோதிக்கொண்டபோதும் இதே வாளிதான். ஆறு வருஷம் கழித்தும் நம்மிடம் இருந்த தொழில்நுட்பம் அதேதான். எண்ணெய் வந்த அதே மாதம் 26-ஆம் தேதி இரவு, பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து, ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த இரவைப் பற்றி ஒரு பறவை ரசிகர் குழுவிலும் பேச்சில்லை. பறவை எதுவும் சம்பந்தப்படவில்லையே!

குத்தலாகச் சொல்கிறேன் என்று தோன்றலாம். எதிர்த்தரப்பையும் சொல்லிவிடுகிறேன். என் நண்பரே கேட்டார், கோபமாகத்தான்.

"வாரம் ஆறு நாள் வேலை. கிடைக்கிறது ஒரு ஞாயித்துக்கிழமை. மால்ல போய்ச் சுத்தாம, ரெண்டு பறவையப் பாக்கலாம்னு போறோம். யாருக்கும் கெடுதல் பண்ணலை. அதுக்கும் பாவமன்னிப்பு கேட்கணுமா சார்?"

நியாயமான கேள்வி. இன்னும் ஒன்றும் அவர் சொல்லியிருக்கலாம். பார்ப்பவர்கள் போகாமல் இருந்திருந்தால் எண்ணூர் இன்னும் சீக்கிரம் போயிருக்கும். 1987-இலிருந்து ஒவ்வொரு ஜனவரியும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. எண்ணுகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத, இவரைப் போன்ற ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள். நாளைக்குக் கோர்ட்டில் 'அங்கே என்ன இருந்தது?' என்று கேட்டால் காட்டுவதற்கு அந்தக் காகிதம் இருக்கிறது. அந்தக் கூழைக்கடா படம் வராவிட்டால் எண்ணெய் விவகாரம் இத்தனை நாள் முதல் பக்கத்தில் நின்றிருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

பார்க்கப்படாத இடத்துக்கு என்ன நேரும் என்பதற்கும் இதே எண்ணூர்தான் சாட்சி. 1996-இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் கட்டுமானம் கூடாத பகுதி. 2017-இல் சமூக ஆர்வலர்கள் சில ஆவணங்களை வெளியிட்டு ஒரு குற்றச்சாட்டு வைத்தார்கள். பிறகு புழங்கிய இன்னொரு வரைபடத்தில் கழிமுகத்தையே காணோம் என்று. கிணற்றைக் காணோம் என்று வடிவேலு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதைப் பார்த்துச் சிரித்தோம். இங்கே ஒரு கழிமுகம். காகிதத்தில் இல்லாத தண்ணீரில் சாம்பலைக் கொட்டினால் யார் கேட்பது?

ஆக, பார்ப்பது தப்பு என்று சொல்ல முடியாது. பார்த்தவனுக்கு ஏதோ ஒன்று சேர்ந்துவிடுகிறது என்பதுதான் என்னை உறுத்துகிற விஷயம். சாலையில் ஒருவர் அடிபட்டுக் கிடக்கிறார். அந்தப் பக்கமே வராதவரை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வந்து, பார்த்து, தாண்டிப் போனவரைத்தான் சொல்வார்கள். அப்படியானால் பார்க்காமல் இருப்பதே உத்தமமா? தெற்கே இருந்துகொண்டு வடக்கே திரும்பாமலே காலத்தை ஓட்டிவிடலாமா? நிறையப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறோம். ஆனால் விபத்து உதாரணம் இங்கே முழுசாகப் பொருந்தவில்லை. அடிபட்டவரை இடித்த வண்டியில் நாமும் ஒரு சீட்டில் உட்கார்ந்திருந்தோம். எண்ணூரைப் பொறுத்தவரை கடன் ஏற்கெனவே இருக்கிறது, சுவிட்சைத் தட்டுகிற ஒவ்வொருவர் பேரிலும். ஞாயிற்றுக்கிழமை நேரில் போகிறவர் செய்வது, பில்லைக் கையில் வாங்குவது மட்டும்தான். போகாதவர் கடன் இல்லாதவர் ஆகிவிடுவதில்லை.

நண்பரிடம் இதைச் சொன்னபோது, "அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?" என்றார். எல்லாருடைய கேள்வியும் அதுதான்.

வேடந்தாங்கல்காரர்கள் என்ன பண்ணினார்கள்? 1790-களில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து ஏரியில் பறவைகளைச் சுட்டார்கள். ஊர் ஜனங்கள் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டு, யாரும் சுடக்கூடாது என்று எழுத்தில் வாங்கினார்கள். 1858-இல் அதைப் புதுப்பித்தும் கொண்டார்கள். அவர்கள் யாரும் பைனாகுலர் பார்த்ததில்லை. பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று தெரியும், அவ்வளவுதான். சுயநலம்தானே என்பீர்கள். இருக்கட்டுமே. பேரனைப் பார்த்துக்கொள்கிற பாட்டிக்கும் சுயநலம் இருக்கிறது. தன் பிழைப்பும் அதன் பிழைப்பும் ஒன்று என்று தெரிந்தவர்கள் அவர்கள். ஒடிசாவில் சிலிகா ஏரிக் கரையில் மங்களாஜோடி என்று ஒரு கிராமம். ஒரு காலத்தில் பறவைகளை வேட்டையாடி விற்றவர்கள், இன்றைக்கு அதே பறவைகளைக் காட்டுவதற்குப் படகு தள்ளுகிறார்கள், காவலும் இருக்கிறார்கள். சுற்றுலாப் பணம் உள்ளூர்க்காரர் கைக்குப் போனால் என்ன நடக்கும் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

நம் பக்கம் அது அவ்வளவு சுலபமாக அமையவில்லை. பழவேற்காட்டில் மீன் குறைந்தபோது படகு சவாரி கொஞ்சம் பேருக்குக் கைகொடுத்தது. 2011-ஆம் வருஷம் கிறிஸ்துமஸ் அன்று, உல்லாசப் பயணம் வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். அதன்பிறகு சவாரிக்குத் தடை. லைஃப் ஜாக்கெட் கொடுத்து, எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதி, முறையாக நடத்துவதைவிடத் தடை போடுவது சுலபம். சவாரி நடந்தபோதும் எல்லாம் ஒழுங்காக இருந்தது என்று சொல்ல மாட்டேன். பூநாரைக் கூட்டம் பறக்கிற மாதிரி படம் வேண்டும் என்று வந்தவர் கேட்பார். படகோட்டி அடுத்த சவாரியை நினைத்து மோட்டாரை முடுக்குவார். நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்த கூட்டம் அலறிக்கொண்டு எழும். படம் கிடைக்கும். சேர்த்து வைத்த கொழுப்பில்தான் அவை திரும்பிப் போயாக வேண்டும். நமக்கு ஒரு 'க்ளிக்', அதற்கு ஒரு வேளை சாப்பாடு.

அழகு விஷயத்தில் இன்னொரு ஏமாற்றும் உண்டு. மும்பையில் தாணே கழிக்குத் தொண்ணூறுகளிலிருந்து பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வர ஆரம்பித்தன. 2015-இல் அதைச் சரணாலயமாகவே அறிவித்துவிட்டார்கள். இயற்கை திரும்பி வந்துவிட்டது என்று ஜனங்களுக்கு ஒரே சந்தோஷம். ஏன் வந்தன? நகரத்துச் சாக்கடை கலந்து பாசி அமோகமாக வளர்ந்ததும் ஒரு காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். பூநாரையின் ரோஸ் நிறமே அது தின்கிற பாசியிலிருந்தும் சின்ன இறால் வகைகளிலிருந்தும் வருவதுதான். மும்பைக்காரர்கள் கேமராவில் பிடித்த அந்த நிறத்தில் அவர்களுடைய கழிவுக்கும் பங்கு இருக்கிறது. பறவை வந்திருக்கிறது, ஆகவே தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று நினைப்பது, மாப்பிள்ளை சிரித்துக்கொண்டிருக்கிறார், ஆகவே அவருக்குக் கடன் இல்லை என்று நினைப்பது மாதிரி.

அதனால்தான் கண்ணை மட்டும் நம்பி இந்தக் கழிக்குப் போவதில் எனக்குத் தயக்கம். மூக்கையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கொஞ்சம் வாயையும், அதாவது அங்கே இருக்கிறவர்களிடம் பேசுவதற்கு. பட்டியலில் பறவைப் பெயருக்குப் பக்கத்தில் அன்றைக்குத் தண்ணீர் என்ன நிறம், என்ன நாற்றம், வலையில் என்ன விழுந்தது என்று மூன்று கட்டம் போட்டுக்கொண்டால் என்ன குடிமுழுகிப்போகும்? புகைபோக்கியை வெட்டாமல் ஒரு படம் போட்டால் லைக் குறையும். குறையட்டும். பறவைக்கு லைக் வேண்டியதில்லை. இதைச் சொன்னதும் நண்பர், "அப்ப அது பறவைப் படமா, நியூஸ் படமா?" என்றார். விடை எனக்கும் தெரியாது. அந்தப் பாதி முதுகு மனிதரைக் கேட்டால் ஒருவேளை சொல்லக்கூடும்.

இன்னொரு விஷயம். இந்த வருகையெல்லாம் நவம்பரிலிருந்து மார்ச் வரைக்கும்தான். ஏப்ரலில் வலசைப் பறவைகள் கிளம்பிவிடும். லென்ஸ்களும் கிளம்பிவிடும். படகோட்டி இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "பறவ போனா நீங்களும் பூடுவீங்க சார். கரீக்டா ஒரே நாள்ல. எங்களுக்கு அப்பதான் கஷ்டமே."

என்ன கஷ்டம் என்று பார்க்க ஒரு மே மாதத்தில் போனேன். துறையில் என்னைத் தவிர வெளியூர் ஆள் யாரும் இல்லை. முகத்துவாரத்தில் மணல் மேடு தட்டிக் கிடந்தது. கடல் தண்ணீர் தாராளமாக உள்ளே வர வழியில்லாததால் கழி சூடாக, பச்சையும் சாம்பலுமாக அசையாமல் நின்றது. படகுகளைக் கரையில் இழுத்துப் போட்டிருந்தார்கள். தூரத்தில் இரண்டு பெண்கள் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து சேற்றைத் தடவிக்கொண்டிருந்தார்கள். படகோட்டி வேப்பமர நிழலிலிருந்து எழுந்து வந்தார்.

"இன்னா சார், இப்ப ஒண்ணும் இல்லியே?" என்றார்.